இடுப்புப் பிள்ளையும் இயக்கமும்

சென்ற மாதம் கீரனூர்ப் பக்கம் ஒரு காலனியில் நம் வாசகர் வட்டக் கூட்டம் நடந்தது. சாயங்காலம் ஆறு மணி என்று சொல்லியிருந்தோம். ஆண்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் வேலைக்குப் போய் வந்து, உலை வைத்து இறக்கி, ஏழரைக்கு மேல்தான் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் இடுப்பில் பிள்ளை. பஞ்சமி நில மீட்பு பற்றி ஒரு தோழர் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. "அந்தப் புள்ளையக் கொஞ்சம் வெளியில தூக்கிட்டுப் போம்மா" என்று ஒரு குரல். பிள்ளை வெளியே போனது, தாயும் போனாள். அவள் திரும்ப வரவில்லை.

கூட்ட அறிக்கையை நான்தான் எழுதினேன். "பெண்கள் பங்கேற்பு குறைவு" என்று கடைசியில் ஒரு வரி. இந்த வரியை எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்போம்! அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அவள் வந்திருந்தாள். நாம்தான் வெளியே அனுப்பினோம். இந்த இதழின் தலையங்கத்தை அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

"நிலம், அதிகாரம், வன்கொடுமைன்னு பேசற பத்திரிகையில பால்வாடியப் பத்தித் தலையங்கமா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். பதில் சொல்லும் முன் என் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அம்மா ஜல்லி உடைத்தவள். அப்பா சம்மட்டி போடுவார், அம்மா உடைப்பாள். கூலி ஜோடிக் கணக்கு, லோடுக் கணக்கு. கணக்குநோட்டில் அப்பா பேர் மட்டும்தான் இருக்கும். நான் பிறந்து மூணாம் மாசமே அம்மா பாறைக்குத் திரும்பிவிட்டாள். வேப்பமரத்தில் சேலையால் தூளி கட்டி, கல்தூசி படாத பக்கமாகப் பார்த்துப் போடுவாளாம். தூளியை ஆட்ட ஆள் வேண்டுமே? அக்காவை மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். எட்டு வயசுப் பிள்ளை, எட்டு மாசப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது. நான் நடக்க ஆரம்பித்தபோது தம்பி பிறந்துவிட்டான். அக்கா அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

நான் மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரியில் படித்தேன். அம்பேத்கரைப் படித்தேன். மேடையில் பேசக் கற்றுக்கொண்டேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான் படித்த படிப்பில் அக்காவின் படிப்பு இருக்கிறது. நம்மில் எத்தனை பேருடைய படிப்பு இப்படி ஒரு அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து வந்தது என்று தோழர்கள் யோசித்துப் பாருங்கள்.

இதைக் குடும்பக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் சாதி வாரியாகப் பதில் இருக்கிறது. வசதி உள்ள வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் வைக்கிறார்கள். அந்த ஆள் பெரும்பாலும் நம் தெருப் பெண். அவள் பெற்ற பிள்ளையை அவள் மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். கடைசியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது அந்த மகள்தான். இது யாரும் போடாத சட்டம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அமலில் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நலன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்களின் மகப்பேறு நலனுக்கான திருத்தங்களைக் கொண்டுவந்தார். சுரங்க முதலாளிகள் குழந்தைக் காப்பகம் நடத்தியாக வேண்டும் என்ற சட்ட ஏற்பாடும் அந்தக் காலத்தில் வந்ததுதான். பிறகு 1966இல் சுரங்கக் காப்பக விதிகள் புதிதாக எழுதப்பட்டன. பெண்கள் வேலை செய்யும் சுரங்கத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றன அந்த விதிகள்.

அப்படியானால் என் அம்மா வேலை செய்த பாறையில் ஏன் இல்லை? பதில் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இருந்தது. கட்டடக்கல், சரளை, ரோட்டுக்கல் எடுக்கும் இடமா? ஆழம் ஆறு மீட்டருக்கு மேல் போகவில்லையா? ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யவில்லையா? வெடி வைக்கவில்லையா? அப்படியானால் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது என்றது அந்தப் பிரிவு. புதுக்கோட்டையின் சின்னச் சின்னப் பாறைகளில் சம்மட்டியும் உளியுமாகக் கிடந்த நம் சனங்கள் சட்டத்தின் கணக்கில் சுரங்கத் தொழிலாளர்களே இல்லை. வெடி வைத்த பெரிய குவாரிகளிலோ நம் பெண்களின் பேர் நோட்டில் இல்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, சட்டம் இருக்கிறது என்றார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் காப்பகம் பற்றிச் சொன்னது. முதலில் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் என்றிருந்தது, 1976இல் முப்பது பெண்கள் என்று திருத்தினார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஐம்பது பேர் என்ற எண்ணிக்கை வந்திருக்கிறது. முப்பதோ ஐம்பதோ, நாற்று நடுகிற பெண்ணுக்கும் சித்தாளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் அந்த எண்ணிக்கையால் என்ன பிரயோசனம்? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு நல்ல வார்த்தை சொன்னது. வேலை நடக்கிற இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை நிறுத்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு என்றது. நான் பார்த்த கண்மாய் வேலைகளில், புளியமர நிழலில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள், சுற்றிப் பிள்ளைகள் மண்ணில் விளையாடும். அவ்வளவுதான் காப்பகம். ஆனாலும் அந்தக் கிழவிக்குக் கூலி விழுந்தது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று ஒரு அரசுக் காகிதம் ஒப்புக்கொண்டதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி வகுப்புகளுக்குக் கல்லுடைக்கும் பெண்கள் வந்தார்கள், சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கொத்தடிமைகளாக இருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பல குவாரிகள் பழைய ஒப்பந்தக்காரர்கள் கைக்குத் திரும்பின. அதற்குப் பல காரணங்கள் உண்டு, அதிகார வர்க்கமும் ஒப்பந்தக்காரர்களும் முதல் காரணம். ஆனால் அந்த ராத்திரி வகுப்புகளை நினைக்கும்போது எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பெண்கள் சிலேட்டைப் பிடித்தபோது மடியில் பிள்ளை இருந்தது. பகலில் கல்லும், ராத்திரி எழுத்தும், ரெண்டுக்கும் நடுவில் பிள்ளையும். எத்தனை நாள் ஒரு உடம்பு தாங்கும்?

இனி பால்வாடிக்கு வருகிறேன். அரசு 'குழந்தைகள் மையம்' என்று போர்டு எழுதினாலும் நம் சனத்துக்கு அது பால்வாடிதான். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் தெருவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சோற்றில், அந்த முட்டையில், அந்தச் சத்துமாவில் வளர்ந்தார்கள்.

'அங்கன்வாடி' என்ற சொல்லுக்கு முற்றத்துத் தோட்டம் என்று பொருள். 1940களில் பம்பாய் மாகாணத்தின் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் பால்வாடி தொடங்கினார்கள். தீண்டப்படாதவர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. அதனால் பால்வாடியையே அந்தக் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கன்வாடி என்ற ஏற்பாட்டின் வேர் சேரி முற்றத்தில் இருக்கிறது, தோழர்களே. இன்று நம் கிராமங்களில் அது எங்கே இருக்கிறது? எத்தனை ஊரில் ஊர்த்தெருவில், கோயிலுக்குப் பக்கத்தில்! மூன்று வயதுப் பிள்ளை, எந்தத் தெரு வழியாகப் போகலாம், எங்கே உட்காரலாம், எந்தத் தம்ளரைத் தொடலாம் என்று கற்றுக்கொள்ளும் முதல் பள்ளிக்கூடம் அது. அ, ஆ எழுதும் முன்னே அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது.

மக்கள்தொகைக் கணக்கும் நமக்கு எதிராகவே நிற்கிறது. 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம் என்பது விதி. கிராமத்தை ஊர் என்றும் சேரி என்றும் பிரித்தது சாதி. கணக்கு எடுக்கும்போது மட்டும் ரெண்டையும் சேர்த்து ஒரே கிராமம் என்கிறார்கள். மையம் ஊருக்குப் போகிறது. சேரியைத் தனியாக எண்ணினால், "ஆள் குறைவு, விதியில் வராது" என்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபரில், தாழ்த்தப்பட்ட, பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு விரைவில் மையம் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றது. 2006 டிசம்பர் உத்தரவு இன்னும் தெளிவானது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். நம் மாணவர் தோழர்கள் இந்த உத்தரவை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? எத்தனை காலனியில் பிள்ளைகளை எண்ணி மனு கொடுத்திருக்கிறோம்?

இங்கே நமக்குள்ளேயே ஒரு விவாதம் இருக்கிறது. "சேரியில தனி மையம் கேட்டா, நாமளே நம்மளத் தனியாப் பிரிச்சு வச்ச மாதிரி ஆயிடாதா? சின்ன வயசுலயே ஊர்ப் புள்ளையும் நம்ம புள்ளையும் ஒண்ணா உட்காரணும்ல?" என்று ஒரு பெண் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொரு தோழர், "ஊர்த்தெருவுக்கு அனுப்பி என் புள்ளை ஓரமா உட்கார்ந்து சாப்பிடறதவிட, நம்ம தெருவுல நிமிர்ந்து சாப்பிடட்டும்" என்றார். அதுவும் நியாயம்.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். மையம் சேரியில் இருக்க வேண்டும். ஆனால் அது கிராமம் முழுவதற்குமான மையமாக இருக்க வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் பிள்ளைகள் ஊர்த்தெருவுக்கு நடந்தார்கள். இனி ஊர்ப் பிள்ளைகள் நம் தெருவுக்கு நடக்கட்டும். பொது என்றால் எப்போதும் ஊர்த்தெரு என்று யார் முடிவு செய்தது? நம் முற்றமும் பொது இடம்தான்.

"வர மாட்டாங்களே?" வராமல் போகலாம். 2019 ஜூனில் மதுரை மாவட்டம் எஸ். வலையபட்டியில் இரண்டு தலித் பெண்களை அங்கன்வாடியில் வேலைக்குப் போட்டதும், சாதி இந்துக்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது? அந்த இரண்டு பெண்களையும் இடம் மாற்றியது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைத்த பாப்பாளுக்கும் அதுதான் நடந்தது. போராட்டம் நடந்த பிறகே மாற்றல் ரத்தானது. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. எதிர்ப்பு வந்தவுடன் நம் ஆளை மாற்றுவதுதான் அரசுக்குத் தெரிந்த சமாதானம். ஆகவே நம் கோரிக்கை, யார் பிள்ளையை அனுப்ப மறுத்தாலும் மையத்தையும் மாற்றக்கூடாது, ஊழியரையும் மாற்றக்கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி சமூகப் புறக்கணிப்பும் குற்றம். அந்தப் பிரிவை எடுத்துப் படியுங்கள்.

பிள்ளையின் தட்டும் தம்ளரும் சாதி அடிக்கும் இடம் என்பதை நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் முதலில் படுத்தது பிள்ளைகள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு, டிசம்பர் 26ஆம் தேதி மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மலம். பிள்ளைகளின் வயிறுதான் அந்தக் கொடுமையைக் காட்டிக்கொடுத்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. பாதிக்கப்பட்டவனையே குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று அந்த மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. ஒரு பிள்ளை என்ன குடிக்கிறது, யார் கையால் சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது என்பதெல்லாம் நம் அரசியல்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, சேரியிலேயே மையம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போதுமா? போதாது. நடவுக்குப் போகிறவள் விடியலில் போகிறாள். திருச்சிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவள் முதல் பஸ்ஸில் போய் இருட்டி வருகிறாள். விராலிமலைக் கம்பெனி வேனுக்கு நேரம் காலமே கிடையாது. மையமோ காலையில் திறந்து சாயங்காலம் நாலு மணிக்குள் பூட்டிவிடும். இரண்டு வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு அங்கே இடமே இல்லை. கைப்பிள்ளை வைத்திருப்பவள்தான் அதிகம் தவிக்கிறாள், அவளுக்குத்தான் கதவு இல்லை. ஆறு மாசப் பிள்ளையிலிருந்து, தாய் வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் பார்த்துக்கொள்ளும் காப்பகம் வேண்டும். மத்திய அரசின் பால்னா திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது அதன் நோக்கம். புதுக்கோட்டையின் எந்தக் காலனிக்கு அது வந்திருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

படிக்கிற பெண்களின் கதையும் இதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் ஊரில் பிறந்தவர். எதிர்ப்பைத் தாண்டி மன்னர் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாக நுழைந்தவர். இன்று நம் தெருப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரிக்குப் போகிறார்கள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நல்லது. ஆனால் இரண்டாம் வருசத்தில் கல்யாணம், மூன்றாம் வருசத்தில் கைப்பிள்ளை. பரீட்சை அன்றைக்கு மட்டும் வந்து, பிள்ளையை அம்மாயி கையில் கொடுத்துவிட்டு வேர்க்க வேர்க்க எழுதிவிட்டு ஓடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அரசுக் கல்லூரியில் ஒரு அறை, ரெண்டு தொட்டில், ஒரு ஆயா. கேட்பதற்கு இதைவிடச் சின்னக் கோரிக்கை உண்டா? மாணவர் அமைப்புகள் ஒன்றாவது கேட்டிருக்கிறதா?

சட்டத்தின் மேல்மட்டத்திலும் ஒரு திருட்டு நடந்தது. அம்பேத்கர் தலைமையில் எழுதிய அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, 14 வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்று வழிகாட்டியது. பிறந்த குழந்தை முதல் என்று அதற்குப் பொருள் கொள்ள இடமிருந்தது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும் மட்டுமே அடிப்படை உரிமை ஆனது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, "அரசு முயலும்" என்ற ஒற்றை வார்த்தையோடு விட்டுவிட்டார்கள். முயல்வதற்கும் கடமைக்கும் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும்.

அங்கே வேலை பார்க்கும் பெண்களையும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது சம்பளம் இல்லையாம், மதிப்பூதியமாம். பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஏப்ரல் ஆனது. பிள்ளை பார்ப்பது பொம்பளைக்கு இயற்கை, அதற்கென்ன கூலி என்கிற மனசுதான் இதற்குப் பின்னால் இருக்கிறது. மலம் அள்ளுவது உன் பிறவித் தொழில் என்று சொன்ன மனசும் இதுவும் வேறு வேறு இல்லை. டீச்சரும் ஆயாவும் ரோட்டில் உட்காரும்போது நம் கொடி அங்கே இருக்க வேண்டும்.

அரசைக் கேட்டுவிட்டேன். இனி நம்மைக் கேட்கிறேன். கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை என்று புலம்புகிற ஆண் தோழர்களே, உங்கள் வீட்டில் பிள்ளை யார் கையில் இருக்கிறது? சாதி ஒழிப்புப் பேச நாம் மேடைக்குப் போகும்போது, நம் மனைவி, தங்கை, அக்கா யாரோ ஒருத்தி தூளி ஆட்டுகிறாள். அவளும் மேடைக்கு வர வேண்டியவள்தான்.

ஆகவே அடுத்த மூன்று மாதத்துக்கு நம் வட்டங்களுக்கு மூன்று வேலைகள். ஒவ்வொரு வட்டமும் தன் காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீடு வீடாக எண்ண வேண்டும். தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், பிள்ளையை யார் பார்க்கிறார்கள், அதற்காகப் பள்ளிக்கூடம் நின்ற அக்கா உண்டா என்று எழுத வேண்டும். அந்தக் கணக்கோடு, சேரியில் மையமும் முழுநேரக் காப்பகமும் கேட்டு ஆட்சியரிடம் மனு. கல்லூரித் தோழர்கள் தங்கள் முதல்வரிடம் மனு. மூன்றாவது, இனி நம் எந்தக் கூட்டத்திலும் அழுகிற பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு ஆண் தோழர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். முறை போட்டு எழுதி ஒட்டுவோம். முதல் பேர் என்னுடையது.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். மருமகள் கம்பெனி வேனுக்குப் போய்விட்டாள். அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பேத்தி. "என்னக்கா, இன்னும் இறக்கி வைக்கலயா?" என்றேன். சிரித்தாள். "எங்க தம்பி இறக்கி வைக்கிறது? ஒன்னயத் தூக்குனேன், சின்னவனத் தூக்குனேன், எம் புள்ளையளத் தூக்குனேன், இப்ப இது. இத ஒரு எடத்துல விட்டுட்டுப் போறதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்கடா, இம்புட்டுக் கூட்டம் போடுறீகளே" என்றாள்.

பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். அக்கா எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை வட்டத்து வேலை எதுவும் நடக்கவில்லை. இதுவும் வட்டத்து வேலைதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு வருசம் ஆகியிருக்கிறது.

ஜெய் பீம்!